மூன்று அழைப்பு விதி

எங்கள் அலுவலகத்தில் ஒரு மாணவரை மூன்று முறை தொலைபேசியில் அழைப்போம். மூன்று முறையும் பேசக் கிடைக்காவிட்டால், ஆலோசகரைப் பார்க்க அவர் கொடுத்த விண்ணப்பத்தை மூடிவிடுவோம். கணினியில் அந்த வரி தானாகவே சாம்பல் நிறமாகிவிடும். அதன் பிறகு எந்தக் கணக்கிலும் வராது.

விதியை உண்டாக்கியவர் எங்கள் கண்காணிப்பாளர். அவருக்கு நிலுவை சார் என்று பெயர். காலையில் வந்ததும் குடையை மடக்குவதற்கு முன்பே "நிலுவை எத்தனம்மா?" என்று கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் குடையை மடக்குவார்.

"நூறு தாண்டினா, உங்களால முடியல, மையத்த மூடுங்கம்பாங்க. பத்துக்குக் கீழ போனா, உங்களுக்கு வேலையே இல்ல, மூடுங்கம்பாங்க. நாப்பத்தெட்டு, அம்பது, அதான் நமக்கு உசுரு இருக்கிற எண்ணு," என்று ஒருமுறை எனக்கு விளக்கினார்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது நம்ம ஆபீஸத்தான் சார்," என்றார் அண்ணன். அண்ணன் அலுவலக உதவியாளர். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். நிலுவை சாருக்குக் கூட.

மாணவர் நல மையம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்பு பழைய விடைத்தாள்களை அடுக்கி வைத்த அறை. மழை பெய்தால் காகிதம் ஊறிய வாசனை சுவரிலிருந்து வரும். பன்னிரண்டாயிரம் மாணவர்களுக்கு ஒரே ஆலோசகர். அவரை மேடம் என்போம். இன்னொரு ஆலோசகர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அதில் அண்ணன் தன் சாப்பாட்டுப் பையை வைப்பார்.

மேடத்தின் அறை என்பது பலகைத் தடுப்புதான். தடுப்பு கூரை வரை எட்டாது. உள்ளே யாராவது அழுதால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும். அதனால் ஆள் உள்ளே போனதும் அண்ணன் பெரிய மின்விசிறியைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி முழு வேகத்தில் விடுவார். லாரி மேடேறுவது போலச் சத்தம் போடும். ரகசியம் காக்க எங்களிடம் இருந்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

நான் இயற்பியல் படித்தவள். தரவுகளைப் பதிவதற்காகத் தற்காலிகமாக எடுத்தார்கள். தொலைபேசி வேலை என்னுடையது அல்ல. அதைச் செய்துகொண்டிருந்த அக்கா பிரசவ விடுப்பில் போனதும் கருவி என் மேசைக்கு வந்துவிட்டது. தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எண்களை அழுத்துவேன். குரலும் சின்னது. வீட்டில் அம்மாவே அடுப்படியிலிருந்து, "வாய்க்குள்ளயே பேசிக்கிட்டா நான் ஜோசியம் பாத்தா தெரிஞ்சுக்கிறது?" என்பார்.

அதிலும் பெஞ்சில் ஆட்கள் இருக்கும்போது, அழைக்கிற மாணவரின் பெயர் அவர்கள் காதில் விழக்கூடாது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு இன்னும் மெல்லப் பேசுவேன்.

அந்தத் தாவரவியல் மாணவியை நான் மூன்று முறை அழைத்தேன்.

அவளுடைய விண்ணப்பம் பருவம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் வந்தது. எங்கள் விண்ணப்பத்தில் காரணம் எழுதத் தேவையில்லை. முன்பு ஒரு காலத்தில் காரணம் எழுத வேண்டியிருந்ததாம். ஒரு மாணவன் எழுதியதை யாரோ படித்து, விடுதி முழுக்கப் பரவி, அவன் ஊரைவிட்டே போய்விட்டான். அதன் பிறகு மேடம் சண்டை போட்டு அந்தக் கட்டத்தை மாற்ற வைத்தார். "நேரில் சொல்கிறேன்" என்ற வரியில் ஒரு குறி போட்டால் போதும். அவள் குறி போட்டிருந்தாள். பெயர், பதிவு எண், கைபேசி எண். வேறொன்றும் இல்லை.

முதல் முறை எடுத்தாள். "ஹலோ," என்றாள். நான் தாளைப் பார்த்து, மாணவர் நல மையத்திலிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். "ஹலோ, யாரு?" என்றாள். திரும்பச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

கணினியில் இரண்டே பதில்கள்தான் உண்டு. வருகிறார். பதில் இல்லை. நான் இரண்டாவதை அழுத்தினேன்.

அடுத்த முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஆறு பேர். நான் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். அவள் சத்தமாக, "மெசேஜ் அனுப்புங்க ப்ளீஸ், மெசேஜ் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எங்களுடையது கம்பித் தொலைபேசி. அதிலிருந்து செய்தி அனுப்ப முடியாது. சொந்தக் கைபேசியிலிருந்து மாணவர்களுக்கு எதுவும் அனுப்பக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. அதெல்லாம் காரணம்தான். ஆனால் அப்போது நான் அவ்வளவு யோசிக்கவில்லை. ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அழுத்தினேன். வரி சாம்பலானது. அன்றைக்கு நிலுவை ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பதுக்கு வந்தது. இன்னொருவரை அழைக்கும் வேலை மிச்சம் என்று எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

அவள் நேரில் வந்தது பருவத்தின் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு தாளை என் மேசையில் வைத்தாள்.

நான் தட்டச்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "பதிவு எண் சொல்லுங்க," என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பின்னால் நின்ற ஒருத்தி, "அம்மா தாயே, உன்னத்தான் கேக்குறாங்க. நாங்களும் போக வேணாமா?" என்றாள்.

அவள் திரும்பவில்லை. மேசை மேல் குனிந்து, என் முகத்துக்குக் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, கொஞ்சம் என்னப் பாத்துச் சொல்றீங்களா?"

நிமிர்ந்தேன். அவள் என் கண்களைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. தொலைபேசிக் கம்பி எந்த அதிர்வெண்களைக் கடத்தும், எவற்றை விட்டுவிடும் என்று பரீட்சைக்குப் படித்து எழுதியவள் நான். அந்த நிமிடம் வரை அது எனக்கு எதற்கும் உதவியிருக்கவில்லை.

அண்ணனிடம் விசிறியை நிறுத்தச் சொன்னேன். அவளை இரண்டாவது ஆலோசகரின் நாற்காலியில் உட்கார வைத்தேன். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு, "உக்காரும்மா, இந்த நாற்காலியில ஆளு உக்காந்து ரெண்டு வருசமாச்சு," என்றார்.

இடது காது சுத்தமாகக் கேட்காதாம். வலதில் சத்தம் வருமாம், சொல் வராதாம். ஒன்றரை வருடமாக இப்படி. தனியாகப் போய்ப் பரிசோதித்த மருத்துவமனை அறிக்கையை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தாள். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

மேசையில் வைத்த தாள் துறையிலிருந்து வந்தது. அவளுடைய வருகை அறுபத்திரண்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. போன வருடமும் இப்படித்தான் ஒரு பருவம் போயிருந்தது. இரண்டாவது முறை என்றால் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

"க்ளாஸுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் விடாம போனேன்கா. எங்க க்ளாஸ்ல நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாங்க. என்னோடது நாப்பத்தி ஒண்ணு. எனக்கு முன்னால நாப்பது. அவ கை தூக்கினதும் அடுத்து நான்தான்னு தூக்கிடுவேன். அவ வரலன்னா எனக்குத் தெரியாது. அவளுக்கு டைஃபாய்டு வந்துச்சு. ஒரு மாசம் வரல." சிரித்தாள். "காய்ச்சல் அவளுக்கு, ஆப்சென்ட் எனக்கு."

"ப்ரொஃபசர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிடும்கா." சிரிப்பு போய்விட்டது. "எங்க அத்தைக்கும் பத்தொம்பது வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. காலேஜ விட்டு நிறுத்திட்டாங்க. இப்ப அது சமையக்கட்டுலயே இருக்கு. பின்னாடி போய் நின்னு தட்ட கீழ போட்டு, திரும்புதா பாப்போம்னு பசங்க விளையாடுவானுங்க. எங்கப்பாவே சிரிப்பாரு. கெட்டவர் இல்லக்கா. சும்மா சிரிப்பாரு."

பிறகு அவளே கேட்டாள். "நான் இங்க எழுதிக் குடுத்தேனே. ஏன் கூப்பிடல?"

கூப்பிட்டோம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன்.

"புது நம்பர்னா நான் எடுத்து, மெசேஜ் அனுப்புங்கன்னு சொல்லிட்டு வெச்சிடுவேன்கா. அனுப்பினா பாத்துக்கலாம்னு. ஒண்ணும் வரல. சரி, இங்க எடம் இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் கணினியைத் திறந்து அவள் பெயரைத் தேடினேன். சாம்பல் வரியில், மூன்று தேதிகளுக்குப் பக்கத்திலும் என் முதலெழுத்து இருந்தது.

வருகைக் குழு புதன்கிழமை கூடுகிறது. பருவத்தின் பாதிக்கு முன்பே எங்கள் மையத்தில் பதிந்திருந்தால் குழு விலக்கு தரலாம். இப்போது புதிதாகப் பதிந்தால் இன்றைய தேதிதான் விழும். பழைய தேதி இருக்கிறது, ஆனால் அதன் எதிரே "பதில் இல்லை, மூடப்பட்டது" என்றிருக்கிறது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் பதில் சொன்னாள் என்று யாராவது குழுவிடம் சொல்ல வேண்டும்.

மேடம் இரண்டு மாணவர்களுக்கு நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க உள்ள இருந்தீங்க மேடம்."

அவர் எப்போதும் உள்ளேதான் இருப்பார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் அப்படி எடுத்துக்கொண்டது. நின்றபடியே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "போதாது. இருந்தாலும் வெச்சுக்கோ," என்றார். அடுத்த மாணவன் உள்ளே போனான். அண்ணன் விசிறியைப் போட்டார்.

நிலுவை சார் பொறுமையாகக் கேட்டார். "தேதிய மாத்தச் சொல்லாதம்மா."

"மாத்தச் சொல்லல சார். நான் குழுவுக்கு வந்து பேசுறேன்."

"யாரு, நீயா?" சிரித்துவிட்டார். "ஏம்மா, நீ லீவு கேக்க வந்தாலே நான் பக்கத்துல வந்து காத நீட்டணும். எழுதிக் குடு, நான் அனுப்பறேன்."

"எழுதினா படிக்க மாட்டாங்க சார்."

அவருக்கு அது தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போ. ஆனா இது ஒரு கேஸு. ஒண்ணே ஒண்ணு. வேற எத பத்திக் கேட்டாலும், சார்கிட்ட கேளுங்கன்னுடு. புரியுதா? மேடத்தோட சீட்டும் உன் சீட்டும் அந்த நாப்பத்தெட்டு மேலதான் உக்காந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்கு முன் சாம்பல் வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் நூற்றுப் பன்னிரண்டு. பெயர்களைப் படித்தேன். சிலரின் குரல் நினைவிருந்தது. "பஸ்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றவன். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டவள். "அம்மா பக்கத்துல இருக்காங்க" என்று மெல்லச் சொல்லி வைத்தவள். எல்லோருக்கும் எதிரே பதில் இல்லை என்றிருந்தது.

புதன்கிழமை அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். பெற்றோர் வர வேண்டும் என்று கடிதம் போயிருந்தது. பெயின்டர். சலவைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்களில் மட்டும் வெள்ளை இருந்தது. குழு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு கோட்டு அடிச்சிட்டு மூணு கோட்டுன்னு ஏமாத்தியிருக்கான் பாருங்க டீச்சர். படிச்சவங்க எடத்துலயே இப்படின்னா எங்க போய்ச் சொல்றது?" என்றார் என்னிடம். என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. "எம்பொண்ணு க்ளாஸுக்குப் போகலையாம். நம்புற மாதிரியா இருக்கு? வீட்டுல காய் நறுக்கும்போதும் பக்கத்துல புக்கு இருக்கும். இலைக்கெல்லாம் பேரு சொல்லுவா. எங்க தெருவுல இருக்கிற வேலிச்செடிக்கு ஒரு பேரு சொன்னா, வாய் சுளுக்கிக்கிச்சு எனக்கு."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியான இடத்தில் சிரித்தாள். அவருடைய வாய் அவளுக்கு மனப்பாடம்.

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியதும் என் கையைப் பிடித்தாள். "உள்ள சொல்லிக்கலாம்கா. அப்பாகிட்ட மட்டும் வேணாம்."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"அது எங்க விதி," என்றேன். "நாங்க யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

குழுவில் ஐந்து பேர். நீள மேசை. தலைவர் ஒரு மூத்த பேராசிரியை, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் அவர் முகம் இருட்டாக இருந்தது. அவளால் உதட்டைப் படிக்க முடியாது என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் நாற்காலியை அவளுக்கு எதிராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். குழுவுக்கு என் பாதி முதுகுதான் தெரிந்திருக்கும். அது மரியாதை இல்லைதான். தலைவர் கேட்பதை அவள் முகத்தைப் பார்த்து நான் திருப்பிச் சொல்ல, அவள் பதில் சொன்னாள்.

நாற்பதாம் எண் மாணவியின் காய்ச்சலைப் பற்றி அவள் சொன்னபோது தலைவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அறிக்கையை வாங்கி மடிப்பு கிழியாமல் பிரித்துப் பார்த்தார்.

"இவ்வளவு கஷ்டத்துல ஒரு பாடத்துலயும் எழுத்துத் தேர்வுல எழுபதுக்குக் கொறையல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "இங்க பதில் இல்லைன்னு போட்டிருக்கே?"

நான் எழுந்து நின்றேன். தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். தாளைப் பார்க்கவில்லை.

"அது என் தப்புங்க. ரெண்டு தடவ எடுத்தாங்க. மெசேஜ் அனுப்பச் சொன்னாங்க. நான் அனுப்பல. பதில் இல்லைன்னு நான்தான் போட்டேன்."

அறையில் எல்லோருக்கும் கேட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப தப்பு ஆபீஸுது. இந்தப் பொண்ணோடது இல்ல," என்றார் தலைவர். பேனாவை எடுத்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன்: தப்பு ஆபீஸோடதுன்னு சொல்றாங்க. அவள் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்த ஒண்ணுதானேம்மா? வேற யாருக்கும் இப்படி ஆகலல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சார்கிட்ட கேளுங்க என்று சொல்லியிருந்தால் கூட அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதியிருப்பார். நான் மூச்சு மட்டும் விட்ட அந்தப் பெண்ணை நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

"இல்லங்க," என்றேன். "நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க."

பேனா மேசைக்குப் போனது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பதிவாளர் அலுவலகத்து ஆள் நிமிர்ந்தார். "நூத்திப் பன்னெண்டா? இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு அத்தன பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க மேடம்."

"எல்லாருக்கும் காது பிரச்சன இல்லங்க," என்றேன்.

"அது எப்படிம்மா தெரியும்? உங்க ஃபார்ம்லதான் காரணமே கெடையாதே."

ஐந்து பேரும் தங்களுக்குள் பேசினார்கள். கத்தவில்லை, யாரும் கோபப்படவில்லை. கடைசியில் தலைவர் அறிக்கையை, வந்த மடிப்பிலேயே மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவர் முகம் வருத்தமாக இருந்திருக்கலாம். வெளிச்சத்தில் தெரியவில்லை.

"இது இனிமே ஒரு பொண்ணோட விஷயம் இல்லம்மா, கொள்கை விஷயம் ஆயிடுச்சு. நாங்க முடிவு பண்ண முடியாது. மேல அனுப்பறோம்."

"எப்ப பதில் வருங்க?"

"அடுத்த பருவத்துல கூட்டம் இருக்கு."

"தேர்வு ஒம்பது நாள்ல இருக்குங்க. அவங்களுக்கு இது ரெண்டாவது தடவ."

"தெரியும்," என்றார். "பேரு போயிடும். ஒரு வருஷம் கழிச்சுப் புதுசா விண்ணப்பிக்கலாம். அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடுங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் காத்திருந்தாள். ஐந்து பேரும் காத்திருந்தார்கள். சொன்னேன். பாதியில் என் உதடு நடுங்கிவிட்டது.

"புரியலக்கா. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து. தேர்வு எழுத முடியாது. பேரை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் மறுபடி கேக்கலாம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. அவள் கடைசிச் சொல் வரைக்கும் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?" என்று மெல்லக் கேட்டாள். "எழுத ஆரம்பிச்சாங்களே. நடுவுல என்னமோ கேட்டாங்க. நீங்க என்னமோ சொன்னீங்க. என்ன கேட்டாங்க?"

மற்ற எல்லாக் கேள்விகளையும் நான் அவளுக்குத் திருப்பிச் சொல்லியிருந்தேன்.

"ஆபீஸ் விஷயம்," என்றேன்.

அவள் நம்பினாள். அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டாள். எழுந்து ஐந்து பேருக்கும் வணக்கம் சொன்னாள்.

கதவைத் திறந்ததும் அப்பா ஓடி வந்தார். "என்னாச்சு? குடுத்துட்டாங்களா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்? நெசமாவே நீ க்ளாஸுக்குப் போகலையா?"

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"போகலப்பா. ஃப்ரெண்ட்ஸோட சுத்திட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா டீச்சர்?"

அவளுடைய கண்கள் என் உதட்டில் இருந்தன. தினமும் வந்தாள் என்று சொல்லலாம். ஒரு நாள் விடாமல் வந்தாள், எழுபதுக்குக் குறையவில்லை, எங்கள் தப்பு, என் தப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. என்னால் நன்றாகச் செய்ய முடிந்த ஒரே காரியம் எப்போதும் அதுதான்.

"வேலிச்செடிக்குப் பேரு சொன்னியேடி," என்றார் அவளிடம். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் நான்கடி பின்னால் போனாள்.

அவர் பேசிக்கொண்டே போனார். தாழ்வாரம் நீளமானது, என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. வலது கை மட்டும் எழுந்து எழுந்து தாழ்ந்தது. ஒருமுறை நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒருமுறை கையை விரித்தார். அவளுக்கு அவருடைய முதுகும் தோளில் ஆடிய பையும்தான் தெரிந்திருக்கும்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றார். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றவர் போல, திரும்பாமலே நின்றார். அவர் நின்றதைப் பார்த்து அவளும் நின்றாள். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவர் படியிறங்கத் தொடங்கினார். அவளும் இறங்கினாள்.